வியாழக்கிழமைக் கிதார்

ஹேசல் ஃபோர்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லொரீன் போக் பதினோரு வருஷமாக வேலை பார்த்துவந்தாள். அந்தச் சுரங்க ஊரில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தது, எந்தச் சுரங்கத்தில் வேலை நிறுத்தம், யார் வீட்டுப் பெண் எவனோடு சர்க்கஸ் பார்க்கப் போனாள் என்பதெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். ஆனாலும் வேண்டுமென்றே ஒட்டுக்கேட்டதில்லை என்று பைபிள் மேல் கை வைத்துச் சொல்வாள். அந்த வியாழக்கிழமை மத்தியானமும் அவள் ஒட்டுக்கேட்கப் போகவில்லை.

பேசி முடித்தவர்கள் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றி ஒரு மணி அடித்துவிட்டு வைக்க வேண்டும். பாதிப் பேர் மறந்துபோவார்கள். ரொம்ப நேரமாகிவிட்டால் நடுவில் புகுந்து, "பேசியாச்சா?" என்று கேட்பது அவள் வேலைக்குள் அடக்கம். அன்றைக்கு ஓமா லேதம் வீட்டிலிருந்து அவள் தங்கை ஸெல்லா வீட்டுக்குப் போட்ட கம்பி முப்பத்தைந்து நிமிஷமாக அப்படியே செருகிக் கிடந்தது. இருவருக்கும் இடையே எட்டு மைல் சேறு. ஓமா அதிகம் பேசாதவள். லொரீன் கேட்கும் விசையைத் தள்ளி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

கிதார்.

யாரோ ரேடியோவை முடுக்கிவிட்டு மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். உருக்குக் கம்பிகளின் சத்தம். நிலக்கரி வண்டி தண்டவாள மூட்டுகளில் ஏறி இறங்குவது போல அடியில் ஒரு தாளம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு மெட்டு துள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. சரி, முன்வாசிப்பு, இப்போது பாட ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தாள். பாப்டிஸ்ட் சபைப் பாடகர் குழுவில் பதினாறு வருஷம் பாடியவள் அவள். பாட்டு என்றால் வார்த்தை; மற்றதெல்லாம் வார்த்தைக்குப் போடும் பந்தல் என்பது அவள் எண்ணம்.

யாரும் பாடவில்லை. மெட்டு ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. இரண்டாம் சுற்றில் வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வந்தது. மூன்றாம் சுற்றில் ஓரிடத்தில் சட்டென்று நின்று, ஒரே ஒரு கம்பி மட்டும் வளைந்து முனகிவிட்டு மறுபடி ஓட்டம் பிடித்தது. லொரீன் தன்னையறியாமல் பலகையை நோக்கிக் குனிந்தாள்.

வாசிப்பு முடிந்ததும் ஸெல்லாவின் குரல் கேட்டது. "அக்கா, விரல்ல என்ன, ரொட்டி மாவு ஒட்டியிருக்கா? மூணாவது சுத்துல தடுமாறுனியே!"

"தடுமாறலடி. நிறுத்துனேன். நிறுத்தறதுக்கும் தடுமாறறதுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதைக்கெல்லாம் எதுக்குக் காது?"

"ஆமா, பெரிய நிறுத்தம். இப்ப நான் வாசிக்கறேன், காதைக் கழுவிட்டுக் கேளு."

ஸெல்லா வாசித்தாள். அது இன்னும் வேகம். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. லொரீன் விசையை மூடவே இல்லை. பலகையில் அழைப்பு வந்தால் விழுகிற தகட்டு மூடிகளில் மூன்று டப் டப்பென்று விழுந்து, மூன்று வீட்டுக்காரர்கள் இணைப்புக்காகக் காத்திருந்தார்கள். பதினோரு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

மறுவாரம் வியாழன் மத்தியான வேலையைக் கூட வேலை பார்க்கும் நெட்டியிடமிருந்து மாற்றி வாங்கிக்கொண்டாள். "வியாழன்ல அப்படி என்னடி விசேஷம்?" என்று நெட்டி கேட்டதற்கு, "தலைவலி" என்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள்.

சரியாக மூன்று மணிக்கு ஓமா கூப்பிட்டாள். அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டாள். அதற்குள் லொரீனுக்கு இரண்டு கைகளும் வேறு வேறு என்று பிடிபட்டுவிட்டது. ஓமாவினுடையது ஆழம், ஒரு சுரத்தை விட்டுவிட்டு அது முழுதாகக் கரையும்வரை காத்திருக்கிற துணிச்சல். ஸெல்லாவினுடையது குறும்பு, நேராகப் போகிறாள் என்று நம்பினால் சந்தில் திரும்புவாள். தெருவில் நடக்கும்போது லொரீனின் கட்டைவிரல் தன்னையறியாமல் கோட்டுப் பையைத் தட்டியது. கடையில் மாவு கேட்கப் போனவள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றாள்.

நாலாவது வாரம்தான் வினை வந்தது. ஓமா அன்றைக்கு ஒரு மெட்டை மேலே, மேலே, கிதாரின் கழுத்து முடிகிற இடம்வரை ஏற்றிக்கொண்டு போனாள். இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் கம்பியை அழுத்தாமல் சும்மா தொட்டுவிட்டாள் போலிருக்கிறது, அந்தக் கம்பியே மணியாக ஒலித்தது. நிஜமாகவே மணி.

"ஐயோ, ஆண்டவரே!" என்று கத்திவிட்டாள் லொரீன்.

கம்பியில் ஓசையடங்கியது.

"யாரது?" என்றாள் ஓமா.

லொரீன் நெருப்பைத் தொட்டவள் மாதிரி இரண்டு பிளக்கையும் பிடுங்கினாள்.

அடுத்த வியாழன் மூன்று மணிக்கு ஓமாவின் மூடி விழவில்லை. அதற்கடுத்த வியாழனும் விழவில்லை. லொரீன் அந்தச் சின்னத் தகட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை காலையில் தபால் வண்டிக்காரரிடம் சொல்லி, ஓமா வீட்டு முனையில் இறங்கிக்கொண்டாள்.

ஓமா சமையலறையில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது; அகன்ற கை. லொரீனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"ஓமாக்கா, அது நான்தான். கத்துனது."

"தெரியும். சபையில பதினாறு வருஷமா கேக்கற குரலாச்சே."

"மன்னிச்சிருங்க. தப்புத்தான். எக்ஸ்சேஞ்சுல சொல்லி வேலைய விட்டு எடுக்கச் சொன்னாலும் சரி. ஆனா அதை மட்டும் நிறுத்தாதீங்க. நீங்க வாசிக்கலைன்னா எனக்கு வியாழக்கிழமை வந்த மாதிரியே இல்ல." சொல்லும்போதே லொரீனுக்கு முகம் சிவந்தது. "உங்ககூட அடியில தாளம் போட்டு வாசிக்கறது யாரு? உங்க வீட்டுக்காரர் க்ளேட் அண்ணனா?"

ஓமா முதல்முறையாகச் சிரித்தாள். "க்ளேட்டா? அந்த மனுஷனுக்குக் கிதாருக்கும் கரிச்சட்டிக்கும் பேதம் தெரியாது. யாரும் இல்ல. நான் ஒருத்திதான்."

"ரெண்டு கிதார் கேட்டுச்சே!"

"கேட்கும்."

ஆனால் கிதாரை எடுக்கவில்லை. பீன்ஸை உரித்துக்கொண்டே கேட்டாள். "நாலு வருஷத்துக்கு முந்தி சபை விருந்து ஞாபகம் இருக்கா லொரீன்? மரத்தடியில மேஜை போட்டிருந்தோம். என்னை வாசிக்கச் சொன்னாங்க."

லொரீனுக்கு ஞாபகம் இருந்தது. ஓமா ஒரு ஞானப்பாட்டின் மெட்டை வாசிக்க ஆரம்பித்தாள். பாட ஆளில்லாமல் பாவம் தவிக்கிறாளே என்று லொரீன் எழுந்து நின்று பாடினாள். இரண்டாவது அடியில் ஊரே சேர்ந்துகொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். லொரீனுக்கு அன்றெல்லாம் பெருமை பிடிபடவில்லை. ஓமா கிதாரைச் சாக்கில் போட்டு வண்டியில் வைத்தது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது.

"அந்த வாசிப்புக்கு நான் ஆறு மாசம் பாடுபட்டேன்," என்றாள் ஓமா. "மூணாவது சுத்துக்கு ஒண்ணு வெச்சிருந்தேன். ஒருத்தர் காதுலயும் விழல. நீ போர்வை போட்டு மூடிட்ட. அப்புறம் எங்க போனாலும் இதே கதைதான். கிதாரைத் தொட்டதும், 'பாடு, பாடு'ம்பாங்க. இல்லன்னா அவங்களே பாடிருவாங்க. டெலிபோன்ல அந்தத் தொல்லை இல்ல. ஸெல்லா திட்டுவா, பாட மாட்டா."

உதவி என்று நினைத்துச் செய்தது இப்படி ஒரு மனுஷியை நாலு வருஷம் சமையலறையில் அடைத்துவிட்டதே என்று லொரீனுக்கு உறைத்தது. "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா, பாட்டுன்னா பாடறதுக்குன்னுதான் நெனச்சிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப, நீங்க வாசிக்கும்போது யாராவது வாயைத் திறந்தா அடிச்சிருவேன்."

ஓமா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வயிறு தேய்ந்து வார்னிஷ் போன சின்னக் கிதாரோடு வந்தாள். பழைய டூத்பிரஷ் பிடியை வெந்நீரில் வளைத்துச் செய்த, கம்பியை மீட்டும் வளையம் ஒன்றைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். "வாயை மூடிக்கிட்டு உக்காரு," என்றாள்.

அதே ஞானப்பாட்டு. லொரீனுக்கு நாக்கு துறுதுறுத்தது. வார்த்தைகள் தாமாகவே தொண்டைக்கு ஏறின. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலைப் பார்த்தாள். அது தன்பாட்டுக்கு, மாடு செக்கைச் சுற்றுவதுபோல, தடித்த கம்பிகளில் மாறி மாறி இறங்கியது. அந்த விரலுக்கும் மற்ற இரண்டு விரல்களுக்கும் ஒரே எஜமானி என்பதை நம்பவே முடியவில்லை. இரண்டாம் சுற்றில் அவளுக்குள் வார்த்தைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூன்றாம் சுற்றில் ஓமா மெட்டைக் கீழே தடித்த கம்பிகளுக்கு இறக்கினாள். மேலே மெல்லிய கம்பிகள் மழைபோலத் தூறின. அந்த இடத்தில் வார்த்தைகள் கழன்று விழுந்தன. பிறந்ததிலிருந்து தெரிந்த பாட்டு, இப்போது முதல்முறையாகக் கேட்கிறது. இரக்கம் என்று அந்தப் பாட்டு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை, அந்தக் கம்பிகள் அவள் கையில் கொண்டுவந்து வைத்தன.

தரிசனத்தில் தேவதையைக் கண்டவள் மாதிரி அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓமாவே பயந்துவிட்டாள். "என்னடி, மூச்சு விடறியா?"

"இன்னொரு தடவை," என்றாள் லொரீன்.

வியாழக்கிழமைகள் திரும்பி வந்தன. இப்போது கம்பியில் மூன்று பேர். ஸெல்லாவுக்கு ஒரு நடுவர் கிடைத்ததில் ஏகக் குஷி. "லொரீன், நீயே சொல்லு, யாருது உசத்தி?" என்று ஒவ்வொரு வாரமும் பிடித்து உலுக்குவாள். லொரீன் மழுப்புவாள்.

பிப்ரவரியில் பனிமழை பெய்தது. விழுகிற துளி விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. ஓக் மரங்கள் துப்பாக்கி வெடிக்கிற சத்தத்தோடு முறிந்தன. மின்கம்பிகள் அறுந்து ஊர் இருண்டது, ரேடியோ ஊமையானது, சுரங்கத்துக் கூண்டை இறக்க மின்சாரமில்லாமல் ஆண்கள் எல்லோரும் வீட்டில் முடங்கினார்கள். டெலிபோன் பெட்டிகளுக்குள் பேட்டரி இருந்ததால் அவை மட்டும் பிழைத்தன. ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து வீடுகள் சேர்ந்த ஒன்பது பொது லைன்களில் ஆறும், ஓமா, ஸெல்லா வீட்டுத் தனி லைன்களும் தப்பித்தன. நெட்டியால் வர முடியவில்லை. எக்ஸ்சேஞ்சு மாடியில் கரியடுப்பு பக்கத்திலேயே லொரீன் மூன்று நாள் கிடந்தாள்.

மூடிகள் ஓயாமல் விழுந்தன. யாருக்கும் சொல்வதற்குச் சேதி இல்லை. "லொரீன், ஏதாவது உண்டா?" என்பார்கள். "ஒண்ணும் இல்லங்க," என்பாள். "சரி," என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் வியாழன். மத்தியானம் இரண்டரை மணிக்கு அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் ஓமாவையும் ஸெல்லாவையும் ஒரே கம்பியில் கூப்பிட்டாள்.

"ஓமாக்கா, இன்னைக்கு நீங்க வாசிக்கறதை எல்லா லைன்லயும் போடட்டுமா?"

"உனக்குப் பைத்தியமா? பாடிருவாங்க!"

"பாட விடமாட்டேன். பிளக் என் கையில இருக்கு."

இன்னொரு முனையிலிருந்து ஸெல்லா கத்தினாள். "அக்கா, பயமா இருந்தா சொல்லு. நான் மட்டும் வாசிக்கறேன். ஊருக்கு நல்லதைக் கேட்ட மாதிரி இருக்கும்."

"நீயா? உன் அவசரத்தைக் கேட்டா உறைஞ்ச பனி கூட ஓடிப்போகும். லொரீன், போடு!"

லொரீன் ஆறு லைன்களிலும் நீள மணி அடித்தாள். அது தீ விபத்துக்கும் சுரங்கச் சரிவுக்கும் மட்டும் அடிக்கிற மணி. ஐம்பது வீடுகளில் ஐம்பது ரிசீவர்கள் ஒன்றாக எடுக்கப்பட்ட சத்தம், காட்டில் பறவைக் கூட்டம் எழும்பிய மாதிரி வந்தது.

"லொரீன் பேசறேன். சாவுச் சேதி இல்ல, பயப்படாதீங்க. கிதார் வாசிப்பு வரப்போகுது. யாரும் கூடப் பாடக்கூடாது. இருமல் வந்தா ரிசீவரை மாட்டிட்டு இருமுங்க. மீறினா அந்த லைனை உருவிருவேன்."

"யாரு பாடறா?" என்று ஒரு ஆண்குரல் கேட்டது.

"யாரும் பாடல. வாயை மூடுங்க."

ஓமா ஆரம்பித்தாள். ஆறு லைனுக்குப் பங்கு போட்டதில் சத்தம் மெலிந்திருந்தது. ஆனால் தெளிவு குறையவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக் காதை அழுத்திக் கேட்பது லொரீனுக்குக் கம்பியிலேயே தெரிந்தது. அந்த அமைதிக்கு ஒரு கனம் இருந்தது. முதல் சுற்று போனது. இரண்டாம் சுற்று ஆரம்பித்தது.

அப்போது ஓடைப் பக்கத்து வீடுகளின் கிரீக் லைனிலிருந்து ஒரு கட்டைக் குரல் முழங்கிக்கொண்டு கிளம்பியது. அதே ஞானப்பாட்டின் முதல் அடி. போதகர் ஹோஸ்கின்ஸ்!

லொரீனின் கை அந்தரத்தில் நின்றது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். அப்பாவை அடக்கம் செய்தவர். அந்த ஒரு கணம் மரத்தடியும் மேஜைகளும் சாக்கில் போன கிதாரும் கண்முன் வந்தன. பிளக்கைப் பிடுங்கினாள்.

ஓமாவின் கட்டைவிரல் அரைத் தட்டுத் தயங்கியது, பிறகு தொடர்ந்தது. இரண்டு விநாடியில் கிரீக் லைன் மூடி டப்பென்று விழுந்தது. தனிக் கம்பியில் எடுத்தாள். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "அவர் பண்ணுன பாவத்துக்கு எங்களை ஏன்டி தண்டிக்கறே?" அவர்களையெல்லாம் அமுக்கிக்கொண்டு போதகரின் மனைவி பேசினாள். "லொரீன், லைனைக் குடு தாயி. அவர் வாயை நான் கையால பொத்தியிருக்கேன். இனி ஒரு சத்தம் வராது."

திருப்பிச் செருகியபோது ஓமா மூன்றாம் சுற்றுக்கு இறங்கியிருந்தாள். மெட்டு அடிக்கம்பிகளுக்குப் போனது. மேலே மழை தூறியது. நாலு வருஷத்துக்கு முன் மரத்தடியில் ஒருத்தர் காதிலும் விழாத அந்த இடத்தை, இப்போது ஹேசல் ஃபோர்க் முழுக்கக் கேட்டது. லொரீன் இரண்டு கைகளாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டாள். பின்னால் மாடிப்படியில் யாரோ ஏறிவருகிற சத்தம் கேட்டது. மேனேஜர் டியூக்ஸ். பலகையில் எல்லா லைனும் ஒன்றாகச் செருகியிருந்ததைப் பார்த்து அவர் கண் விரிந்தது.

"இது விதிப்படி சரியில்ல லொரீன்," என்று ஆரம்பித்தார். அவள் திரும்பாமலே உபரி ஹெட்போனை நீட்டினாள். அவர் அதைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் தள்ளி உக்காரு," என்று பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசிச் சுரம் கரைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று லொரீன் பிளக்குகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"லொரீன்," என்றார் யாரோ ஒரு சுரங்கத்துக்காரர். "அந்தக் குழுவுல மொத்தம் எத்தனை ஆளு?"

"ஒரே ஆளு. ஓமா லேதம்."

"எங்க லேதம் வீட்டு ஓமாவா? போன வாரம் எனக்கு முட்டை வித்துச்சே, அந்த ஓமாவா?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஆறு லைனும் ஒன்றாகப் பேசின, சிரித்தன, யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள். "இன்னொண்ணு வாசிக்கச் சொல்லு!" என்று கூப்பாடு. அதற்குள் ஸெல்லாவின் குரல் பாய்ந்தது. "கேட்டீங்கல்ல? அது தூங்கறதுக்கு. இப்ப அசலைக் கேளுங்க!" அவள் ஆலங்கட்டியைக் கொட்டினாள். மலைமுகட்டு ரிட்ஜ் லைனில் ஒரு கிழவர் தன்னை மறந்து, "பின்னிட்டா!" என்று கத்தினார். அது பாட்டு இல்லை என்பதால் லொரீன் மன்னித்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் அக்காவும் தங்கையும் மாறி மாறி வாசித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. ஊர் முழுக்கக் கண்ணாடி உருகிச் சொட்டியது. ஸெல்லா யாரோ ஒருவருடைய கரி லாரியில் தொற்றிக்கொண்டு, கிதாரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்தபடி ஓமா வீட்டுக்கு வந்து இறங்கினாள். லொரீனும் வந்திருந்தாள். அதுவரை ஸெல்லாவைக் கம்பியில் மட்டுமே கேட்டவள் அவள்.

போதகர் ஹோஸ்கின்ஸும் வாசலில் நின்றார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "ஓமா, ஈஸ்டர் அன்னைக்குச் சபையில வாசிப்பியாம்மா? நான் உக்காந்திருப்பேன். சும்மா."

"சும்மா இருப்பீங்களா?" என்றாள் ஓமா.

"என் சம்சாரம் பக்கத்துல இருப்பா," என்றார் அவர்.

சகோதரிகள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஓமா அடித் தாளத்தைப் பிடித்தாள்; ஸெல்லா மேலே தாவினாள்; அரைச் சுற்றில் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். டெலிபோன் கம்பி சத்தத்தில் எவ்வளவைத் தின்றிருக்கிறது என்று லொரீனுக்கு அப்போதுதான் புரிந்தது. தடித்த கம்பி அதிர்ந்தபோது தரைப்பலகை அவள் பாதத்துக்குக் கீழே அதிர்ந்தது. அடுப்பின் மேல் காபிச்சட்டி மூடி சன்னமாகக் கூடவே நடுங்கியது. விரல் கம்பியில் வழுக்குகிற கீச்சு, ஓமா மூக்கால் இழுக்கிற மூச்சு, எல்லாம் வாசிப்பின் பகுதியாக இருந்தது.

முடித்த மறு விநாடியே ஸெல்லா ஆரம்பித்தாள். "அக்கா, வேகத்தைக் குறைச்சிட்ட!"

"நீதான்டி ஓடுன."

"லொரீன், சொல்லு. யாரு மேல தப்பு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லொரீன், நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "முதல்லேருந்து வாசிங்க, சொல்றேன்."